அத்தை எடுத்துத் தின்ற முட்டைகள்

கோழி என்றால் தினம் ஒரு முட்டை வைக்கும் என்று நினைப்பவர்கள் கோழி வளர்த்திருக்க மாட்டார்கள். மாத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் இப்போது நான்கு நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். கீழ்வீட்டு அம்மாள் வாரத்துக்கு ஒரு முறையாவது படியேறி வந்து, "இன்னாம்மா, இன்னிக்கும் முட்ட இல்லியா?" என்று கேட்பார். முட்டையை நான்தான் எங்கோ ஒளித்துவைத்திருப்பது போல இருக்கும் அந்தப் பார்வை. நானும் சளைக்காமல் சொல்வேன். ஒரு முட்டை உள்ளே உருவாகி வெளியே வர ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேலேயே பிடிக்கும். அதனால் இன்று விடிந்ததும் வைத்த கோழி நாளை சற்றுத் தாமதமாக வைக்கும், மறுநாள் இன்னும் தாமதமாக. நேரம் தள்ளித் தள்ளிப் பொழுது சாயும் வரை போய்விட்டால் அன்றைக்கு அதற்கு விடுமுறை. பத்துப் பதினைந்து முட்டை சேர்ந்தால் அடைக்கு உட்கார்ந்துவிடும். மழைக்காலத்தில் பகல் சுருங்கினால் முட்டையும் சுருங்கும். இறகு உதிர்க்கும் காலத்தில் சுத்தமாக நின்றுபோகும். தின்கிற தீனியெல்லாம் புது இறகுக்கே சரியாகிவிடும். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, நாளைக்காவது வெக்குமா?" என்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இதில் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் என் அத்தை அந்த டிசம்பரில் திருடி என்ற பெயரைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்க மாட்டாள். அல்லது வேறு ஏதாவது சொல்லி வாங்கிக்கொண்டிருப்பாளோ என்னவோ.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் இருந்தோம். கடலுக்கும், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்கும் நடுவே ஒரு சந்து. அப்பா கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள். வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் துலக்கும் இடத்தைத் தாண்டி கொஞ்சம் மண்தரை. அங்கே அப்பா பழைய மீன் பெட்டிகளை அடுக்கி, மேலே ஒரு சிமென்ட் ஷீட்டைப் போட்டுக் கோழிக்கூடு செய்திருந்தார். மூன்று பெட்டைகள். கருப்பு, செவலை, புள்ளி. நிறத்தைத் தவிர வேறு பெயர் வைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் கூட்டுக்குள் கையை விட்டு முட்டை எடுப்பது என் வேலை. சூடாக ஒரு முட்டை கையில் அகப்பட்டால் அந்த நாளே நல்ல நாள்தான். முட்டைகளில் பாதி எனக்கு. கிளினிக்கில் ஒரு டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "இவளுக்கு முட்டை குடும்மா" என்று சொல்லிவிட்டிருந்தார். மீதி பக்கத்து வீட்டுக்கு. அந்த வீட்டு அக்கா தலைப்பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். நாட்டுக்கோழி முட்டை நான் தருகிறேன், கடையில் வாங்காதீர்கள் என்று அம்மா பெருமையாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அத்தை வந்தது செப்டம்பரில், மாதா பண்டிகை முடிந்த மறுவாரம். அப்பாவின் ஒரே தங்கை. ராயபுரத்தில் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. வழக்கமாக அவள் வந்தால் மாமாவும் கூட வருவார், பையில் எனக்கு பன் இருக்கும். அன்றைக்கு ஒரு சூட்கேஸும் ஒரு தலையணையும் மட்டும் ஆட்டோவிலிருந்து இறங்கின. தலையணையை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தாள், எங்கள் வீட்டில் தலையணை இல்லையா என்று நான் கேட்டேன். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள். அன்று மாலை அப்பா அம்மாவிடம், "கொஞ்ச நாளு இருக்கட்டும்" என்றார். அம்மா, "நான் இன்னா வோணாம்னா சொன்னேன்?" என்றாள். அத்தை எதற்காக வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் சொல்லிக்கொள்வதில்லை, அதனால் எனக்கு மட்டும் தெரியவே இல்லை.

தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காமல் போகவில்லை. ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒரு பெண்மணி அத்தையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "ஆறு வருசமாச்சே, இன்னும் விசேசம் ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டாள். அத்தை குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் அவளுக்காகப் பதில் சொன்னேன். "ஏன் இல்ல? கிறிஸ்மஸ் வருதே!" குழாயடியில் எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். என் தலையில் கைவைத்து, பாதி நிரம்பிய குடத்தோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அத்தை மனிதர்களிடம் பேசியதைவிடக் கோழிகளிடம் பேசியதுதான் அதிகம். காலையில் பின்வாசல் படியில் உட்கார்ந்து நொய் அரிசியை இறைப்பாள். சாயங்காலம் கடலோரக் கருங்கற்களுக்கு நடுவே கிளிஞ்சல் பொறுக்கி வந்து, அம்மிக்கல்லில் தட்டிப் பொடியாக்கிப் போடுவாள். "ஓடு கெட்டியா வரும்" என்பாள். கருப்பும் செவலையும் தின்றதும் போய்விடும். புள்ளி மட்டும் போகாது. அத்தையின் காலடியிலேயே மண்ணைக் குடைந்துகொண்டு கிடக்கும். மணலி ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்து, வாடை தாங்காமல் நாங்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் நாட்களிலும் அவர்கள் இரண்டு பேரும் அங்கேதான் இருப்பார்கள்.

முதல் இரண்டு வாரம் பக்கத்து வீட்டுக்கு முட்டை கொண்டு போனது அத்தைதான். அம்மா சொல்லுவாள், அத்தை முந்தானையில் முட்டையை ஏந்திக்கொண்டு போவாள், நானும் பின்னாலேயே ஓடுவேன். ஒரு நாள் நாங்கள் வாசலில் காலை வைத்ததும், அந்த அக்காவின் அம்மா உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். "தோ, நானே வந்துட்டேன். நீ அங்கியே நில்லும்மா" என்று வாசலிலேயே முட்டையை வாங்கிக்கொண்டாள். உள்ளே அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நடுவில் அந்த அம்மாள் கதவை ஒருக்களித்தாள். எனக்கு ஏமாற்றம். அந்த அக்கா என்னைப் பார்த்தால் பிஸ்கட் தருவாள். வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு உள்ளயே வுடல" என்று அம்மாவிடம் புகார் சொன்னேன். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து முட்டையை நான் தனியாகக் கொண்டு போகும்படி ஆயிற்று. பிஸ்கட் மறுபடி கிடைத்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டதும் கோழிகள் காலை வாரின. முதலில் கருப்பு அடைக்கு உட்கார்ந்தது. அம்மா அதைத் தூக்கி வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தாள், உடம்புச் சூடு தணிந்தால் எழுந்துவிடும் என்று. அது நனைந்த உடம்போடு மறுபடி போய் வெறும் மணல்மேல் உட்கார்ந்துகொண்டது. செவலை ஒரு நாள் வைத்தது, ஒரு நாள் வைக்கவில்லை, ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பிறகு வைத்தது. புள்ளி அறவே நிறுத்திவிட்டது. கழுத்திலும் முதுகிலும் இறகு கொட்டி, பார்க்கவே பரிதாபமாக, யாரோ பாதி உரித்துவிட்டு மறந்துபோனது மாதிரி திரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் மதில் வழியாக, "இன்னிக்கும் இல்லியா?" என்று கேட்க ஆரம்பித்தாள். நாலைந்து நாள் கேட்டாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டு, நாங்கள் பார்க்கும்படி கடை முட்டையை அட்டையோடு வாங்கிக்கொண்டு போனாள். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. வாக்குத் தவறியது அம்மாவாயிற்றே. கோபத்தையெல்லாம் புள்ளியின் மேல் காட்டினாள். பூனை கொண்டுபோகிறதா, கீரிப்பிள்ளை வருகிறதா, அந்தப் பக்கத்துச் சந்துப் பிள்ளைகள் மதில் ஏறிக் குதிக்கிறார்களா என்று தினம் ஒரு சந்தேகம். சந்தேகம் எதுவும் நிலைக்காதபோது, "வேளாவேளைக்குத் துன்னத் தெரியுது, ஒரு முட்ட வெக்கத் தெரியல. தண்டத்துக்கு வூட்ல கீது" என்பாள். அத்தை அங்கேயே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். முறம் ஒரு நொடி நின்று, மறுபடி அசையும். அம்மா கோழியைத்தான் திட்டினாள், சத்தியமாகக் கோழியை மட்டும்தான். அவள் மனதில் வேறு ஒன்றும் இருக்கவில்லை என்று இன்றைக்கும் நான் அடித்துச் சொல்வேன்.

நவம்பரில் புயல் சின்னம் என்று சொல்லிப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். வெளியே போக முடியாது. மின்சாரமும் இல்லை. முட்டைத் திருடனைக் கண்டுபிடித்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். சமையலறை ஜன்னலில் உட்கார்ந்தால் கூடு நேரே தெரியும். பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு, எந்தக் கோழி எப்போது கூட்டுக்குள் போனது, எப்போது வெளியே வந்தது, முட்டை உண்டா இல்லையா என்று எழுதினேன். முதல் நாள் செவலை ஒன்பது மணிக்கு வைத்தது. இரண்டாம் நாள் பதினொன்றரைக்கு. மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு. நான்காம் நாள் வைக்கவே இல்லை. புள்ளிக்கு நேரே நான்கு நாளும் 'இல்லை'. பூனை வந்தது, 'எடுக்கவில்லை'. அம்மா வந்தாள், 'எடுக்கவில்லை'. அத்தை ஒரு நாளில் பத்துத் தடவை வந்தாள்; பத்துத் தடவையும் 'எடுக்கவில்லை' என்று எழுதினேன். திருடன் அகப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான். அம்மாவிடம் காட்டியபோது, "பாடத்த எழுதுன்னா எழுதாது, இத எழுதிகினு கீது" என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்திலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு மூத்தவர், ஹார்பரில் வேலை. பூசை முடிந்து வந்து எல்லாரும் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அத்தை சமையலறையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். பேச்சு கிறிஸ்மஸுக்கு என்ன சமைப்பது என்பதில் வந்து நின்றது. அம்மா கோழிகளைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாள். பெரியப்பா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். புள்ளி மொட்டைக் கழுத்தோடு மழைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது.

"இதுவா? மூஞ்சப் பாரு! முட்ட வெக்காத கோழிய இன்னாத்துக்கு வச்சுகினு சோறு போட்ற? கிறிஸ்மஸுக்கு அடிச்சு கொழம்பு வச்சுட வேண்டியதுதான?" என்றார்.

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். அம்மா, "நானும் அதான் சொல்லிகினே கீறேன். அன்னிக்கி போட்டுடலாம்" என்றாள்.

அத்தை வறுத்த மீனைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து சமையலறை நிலைக்கதவில் நின்றாள். தட்டை யாருக்கும் நீட்டவில்லை.

"அது வெக்கிதுண்ணா. நான்தான் எட்துத் துன்னுட்டேன்" என்றாள்.

யாருக்கும் முதலில் புரியவில்லை. "எத?" என்றார் பெரியப்பா.

"முட்டைய. டெய்லி வெக்கிது. டெய்லி நான்தான் துன்றேன். அத ஒண்ணும் பண்ணாதீங்க."

அம்மாவின் முகம் சிவந்து, அப்புறம் வெளுத்தது. சோற்றில் வைத்த கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்த கேட்ருந்தா நான் தர மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்று அவள் கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. அப்பா தங்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரி வுடு. அந்தக் கோழிய யாரும் தொட வேணாம்" என்றார். பெரியப்பா மழை வருவதற்குள் போக வேண்டும் என்று சொல்லி, மீனைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டார்.

அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்றால், நான்கு நாள் கண் கொட்டாமல் உட்கார்ந்து எழுதிய நோட்டு அலமாரியில் இருக்கிறது, அதில் உள்ளதற்கு நேர்மாறாக ஒரு பெரிய மனுஷி கூடத்துச் சாமி படத்துக்கு நேரே நின்று சொல்கிறாள். என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அத்தை எப்போது எடுத்திருப்பாள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அதன் பிறகு அத்தையிடம் பேசவில்லை. அவளுடைய வலி எனக்கு இப்போது புரிகிறது. நாத்தனாரைப் பட்டினி போட்டவள் என்று அவளை அவளுடைய வீட்டிலேயே, மூத்தாருக்கு முன்னால் சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. அது குழாயடி வரைக்கும் போக எத்தனை நேரமாகும்? அம்மா சண்டை போடவில்லை. மறுநாள் கடையிலிருந்து ஒரு அட்டை முட்டை வாங்கி வந்தாள். மதியம் அத்தையின் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு அவித்த முட்டையை 'டொக்'கென்று வைத்தாள். அடுத்த நாளும் வைத்தாள். தினமும் வைத்தாள். அத்தை தலையைத் தூக்காமல் அதைச் சாப்பிட்டாள். மாத்திரை விழுங்குவதுபோல, சிறுசிறு துண்டாகக் கிள்ளித் தண்ணீர் குடித்து விழுங்கினாள். ஒரு நாள் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அவள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்ததைப் பார்த்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "வெயிலு" என்றாள். வானம் முழுக்க மேகமாக இருந்தது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முட்டை ஆகாது. வாசனை பட்டாலே குமட்டும். இதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்பா ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அப்படியென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறந்த அந்த நொடியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெரியப்பாவுக்கும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். இரண்டு அண்ணன்மாரும் தாங்கள் பேசிச் சிரித்ததை அப்போதுதான் காதால் கேட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில், சனிக்கிழமை மதியம், நான் நோட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்தேன். ஒரு வாரமாக யோசித்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டிருந்தது. நான் எழுதியதுதான் சரி. அத்தை மேல் வீண்பழி விழுந்திருக்கிறது, அவளே போட்டுக்கொண்டாலும் பழி பழிதான். அதைத் துடைக்க வேண்டியவள் நான். ஆதாரம் என்னிடம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல எழுந்து நின்று வாசித்தேன்.

"முதல் நாள். புள்ளி, இல்லை. அத்தை, எடுக்கவில்லை. ரெண்டாம் நாள். புள்ளி, இல்லை. அத்தை, எடுக்கவில்லை."

மூன்றாம் நாளுக்குப் போவதற்குள் அத்தை, "பாப்பா, வேணாம்" என்றாள்.

"மெய்யாலுமே அத்த எடுக்கவே இல்லம்மா. நான் பாத்துகினே இருந்தேன். அந்தக் கோழி முட்டையே வெக்கல. அத்த பொய் சொல்லுது!" என்றேன். நியாயத்தை நிலைநாட்டிய களைப்போடு உட்கார்ந்து சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

அம்மா என் கையிலிருந்து நோட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் திருப்பினாள். அப்புறம் அத்தையைப் பார்த்தாள். அத்தை அப்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் மெல்லக் குலுங்கியது. அம்மா அத்தையின் தட்டிலிருந்த முட்டையைப் பார்த்தாள், பின்னால் கூட்டைப் பார்த்தாள், மறுபடி அத்தையைப் பார்த்தாள். கணக்குப் போட்டு விடையைக் கண்டுபிடிப்பவள் மாதிரி இருந்தது. அவள் வாயில் என்னவோ வந்து நின்றது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பாராட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"நீ இன்னாத்தக் கண்ட?" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து. "நீ பல்லு தேய்க்கப் போன நேரத்துல எட்துனு போனா. நான் என் கண்ணால பாத்தேன்."

"இல்லம்மா! நான்..."

"பாத்தேன்னு சொல்றேன்ல? அந்தக் கோழி வெக்கிது. கம்முனு சோத்தத் துன்னு."

அவள் அத்தையின் தட்டிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் போட்டாள். சட்டியிலிருந்து சங்கரா மீனின் நடுத்துண்டை, அப்பாவுக்கென்று எடுத்துவைத்திருந்ததை, அத்தைக்கு வைத்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் வார்த்தை, "முள்ளு கீது, பாத்துத் துன்னு" என்பதுதான். அத்தை "சரிண்ணி" என்று சொல்ல முயன்றாள், பாதிதான் வந்தது. அம்மா இடது கையால் அத்தையின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வலது கையால் தான் சாப்பிட்டாள். எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. பொய் சொன்னவளுக்கு மீன், உண்மை சொன்ன எனக்குத் திட்டு. போதாததற்கு ஆறிப்போன முட்டை.

கிறிஸ்மஸுக்கு அப்பா கடையில் கறி வாங்கி வந்தார். பொங்கல் கழிந்து பகல் நீள ஆரம்பித்ததும் புள்ளிக்குக் கழுத்தில் பளபளவென்று புது இறகு முளைத்தது. பிப்ரவரியில் ஒரு நாள் யாரும் எதிர்பார்க்காமல் கூட்டை விட்டு வெளியே வந்து ஊரைக் கூட்டிக் கத்தியது. அம்மா அந்த முட்டையை எடுத்து மதிலுக்கு மேலே உயர்த்திப் பக்கத்து வீட்டுக்குக் காட்டினாள். அந்த வீட்டு அக்காவுக்கு அதற்குள் பையன் பிறந்திருந்தான்.

அத்தை ராயபுரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஈஸ்டருக்குப் பிறகு துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாதான் தன் மெஷினில் உட்காரவைத்துக் காலர் தைக்கவும் பட்டன் துளை போடவும் பழக்கினாள். இப்போது டோல்கேட் பக்கம் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள், சூப்பர்வைசர். என் திருமணத்துக்கு ஜாக்கெட் அவள்தான் தைத்தாள். புள்ளியைப் பற்றி எங்கள் வீட்டில் பிறகு யாரும் பேசியதில்லை.

நோட்டை வாசித்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் யாரிடமும் பேசாமல் பின்வாசல் படியில் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். அத்தை சீப்பும் தேங்காயெண்ணெயும் எடுத்து வந்து எனக்குப் பின்னால் உட்கார்ந்து தலை வார ஆரம்பித்தாள். மழை விட்டிருந்தது. சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. சிக்கெடுக்கும்போது வலிக்கவே இல்லை, அவ்வளவு மெதுவாக வாரினாள்.

நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "நீ எடுக்கலதான?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எட்தேன்னு சொன்ன?"

அவள் பின்னலை மூன்று காலாகப் பிரித்தாள். "அந்தக் கோழி பாவம்ல? அறுத்துடுவாங்கல்ல?" என்றாள்.

"ஒரு கோழிக்காகவா?"

"ஆமாண்டா. கோழிக்காகத்தான்."

அவள் குரலில் பொய் இருக்கிறதா என்று நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். நான்கு நாள் ஜன்னலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தவறாமல் கவனித்தவள் என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. பொய் எதுவும் தெரியவில்லை. திருப்தியோடு திரும்பி உட்கார்ந்துகொண்டு, ரிப்பன் சிவப்பா கட்டு என்றேன்.